மருந்து பலிக்காத நாட்களில்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளியின் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கண்ணியத்திற்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே, நிர்வாகப் பெருமக்களே, ஏற்காட்டின் பல தோட்டங்களிலிருந்தும் இந்த ஒண்டிக்கடைக்கு மழையையும் பொருட்படுத்தாது வந்திருக்கும் பெரியோர்களே, இளைஞர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

ஆண்டுக் கூட்டத்தில் இமாம் பேசுவதென்றால் வரவு செலவுக்குப் பிறகு பத்து நிமிடம் நற்போதனை என்பது நம் வழக்கம். இவ்வாண்டு தலைவர் அவர்கள் நம்மிடம், நீண்ட நாள் நோயாளிகளைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். நம் ஜமாஅத்தின் சகோதரர் ஒருவர் ஐந்தாறு ஆண்டுகளாக அரிய நோயொன்றுடன் வாழ்ந்து வருகிறார். அவருடைய அனுமதி பெற்றே இங்கு பேசுகிறோம். பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லமாட்டோம். அவர் விஷயத்தில் நாம் செய்த பிழையொன்று இருக்கிறது. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அவர் மிளகு பறிப்பவர். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து, கொடியோடு கொடியாக மேலேறிப் பறிக்கும் வேலையில் இந்த மலையில் அவருக்கு நிகரானவர் சிலரே. பள்ளியில் முதல் ஸஃப்பில் நமக்கு நேர் பின்னால் நிற்பவர். 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள், இரண்டாவது ஸுஜூதிலிருந்து எழும்போது அவர் பக்கத்திலிருப்பவரின் தோளைப் பற்றியதாகக் கேள்விப்பட்டோம். பின்னர் நாமே கவனித்தோம். தரையில் கையூன்றி, தம் தொடைகளின் மீதே கைகளை மாற்றி மாற்றி வைத்து, தம்மைத் தாமே ஏறுவது போல எழுந்து நின்றார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. முழங்கால் வாதமாக இருக்கும், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே அனைவரும் நினைத்தோம். இடுப்பையும் தொடையையும் தோளையும் சேர்ந்த பெரிய தசைகள் வலுவிழந்தால் முதலில் கைவிடுவது இந்தச் செயல்களைத்தான் என்று பிற்பாடு ஒரு மருத்துவர் விளக்கினார்: தரையிலிருந்து எழுதல், படியேறுதல், தலைக்கு மேல் கை தூக்குதல். தொழுகையாளியும் மிளகு பறிப்பவரும் ஒருவராகவே இருந்தபடியால் நோய் அவரிடம் இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் தன்னைக் காட்டிக்கொண்டது. நாமோ இரண்டையும் பார்த்தும் பாராதிருந்தோம்.

நோயின் பெயர் மயோசைட்டிஸ். தசை அழற்சி என்று தமிழில் சொல்லலாம். நம் உடலுக்குள் கிருமிகளை எதிர்க்கவென்றே இறைவன் அமைத்த பாதுகாப்பு ஏற்பாடு ஒன்று உண்டு. அது தன் உடலின் உறுப்பையே அந்நியமென்று கருதித் தாக்கத் தொடங்கினால் அதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறார்கள். மூட்டைத் தாக்கினால் முடக்குவாதம். தோல், சிறுநீரகம், இரத்தம் எனப் பலவற்றையும் தாக்கினால் லூபஸ். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்கினால் மயஸ்தீனியா. தசையைத் தாக்கினால் மயோசைட்டிஸ். இவை தொற்று நோய்கள் அல்ல. அவருடன் ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னர் வருகிறோம்.

இந்தப் பாதுகாப்பு ஏற்பாடு எல்லா மனிதரிடமும் ஏன் தன் உடலையே தின்றுவிடுவதில்லை என்ற கேள்விக்கு விடை தேடியவர்களுக்குத்தான் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் என்ற மூவர். காவல் காக்கும் அணுக்களையும் கட்டுக்குள் வைத்திருக்க இன்னொரு வகை அணுக்கள் உடலில் உண்டென்று கண்டறிந்தார்கள். படைத்தவனின் ஏற்பாட்டை நினைத்து வியக்கிறோம். ஆனால் அந்த அறிவு மருந்தாகி மலையேறி வர இன்னும் எத்தனை காலமோ!

பள்ளிவாசல் மேடையில் திரைத்துறையினரைப் பற்றிப் பேசுவது நம் வழக்கமன்று. எனினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. சென்னையில் பிறந்து வளர்ந்த நடிகை சமந்தா 2022 அக்டோபரில் தமக்கு மயோசைட்டிஸ் இருப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். அதுவரை நம் சகோதரர் தம் நோயின் பெயரைச் சொன்னால் ‘அப்படி ஒரு வியாதியா?’ என்று நெற்றியைச் சுருக்கிய ஊரார், அதன்பின்தான் அதைப் பிழையின்றி உச்சரிக்கத் தொடங்கினார்கள். அவர் பல காலமாகச் சொன்னதை நம்பாத நாம், செய்தித்தாள் சொன்னதும் நம்பினோம். இதே நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த தோலும் தசையும் சேர்ந்து அழலும் வகையால் 19 வயதே ஆன இளம் நடிகை ஒருவர் 2024 பிப்ரவரியில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் காலமானார் என்பதையும் படித்தோம். எளிதாக எண்ணிவிடக்கூடிய நோயன்று இது.

இதற்கு முதலில் தரப்படும் மருந்து ஸ்டீராய்டு மாத்திரை. பலருக்கு அது நன்றாகவே பலிக்கிறது. நம் சகோதரருக்குச் சமவெளியில் உள்ள ஒரு மருத்துவர் அதைத்தான் கொடுத்தார். முதல் இரண்டு மாதம் சற்றுத் தெம்பு வந்தது. பிறகு முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, உறக்கம் போனது. மாத்திரையின் அளவைக் குறைத்தால் தசை மீண்டும் தளர்ந்தது. கூட்டினால் உடல் வீங்கியது. அதனுடன் இரண்டாவது மருந்து சேர்க்கப்பட்டது, பின்னர் மூன்றாவது. ஒன்றரை ஆண்டு முடிவில் ஏணியை விட்டார், பிறகு படியை விட்டார், பிறகு பள்ளிக்கு வருவதையே விட்டார்.

இந்த இடத்தில்தான், அன்பர்களே, ஊர் என்பது எப்படிப்பட்டது என்பதை நாம் பார்த்தோம். முதல் மாதத்தில் பார்க்கச் சென்றவர்கள் ஆரஞ்சும் பிஸ்கட்டும் கொண்டு சென்றார்கள். ஆறாம் மாதத்தில் சென்றவர்கள் ஆலோசனை கொண்டு சென்றார்கள். ஒருவர் இலைச்சாறு சொன்னார், ஒருவர் ஊர் பேர் இல்லாத பொடி வாங்கிக் கொடுத்தார், ஒருவர் கண்ணேறு என்றார், ஒருவர் வட்டிப் பணம் வீட்டில் புகுந்திருக்கும் என்றார். இரண்டாம் ஆண்டில் செல்வோரே குறைந்தனர். அந்தப் பொடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. விலாசமில்லாத டப்பாவில் வரும் வாதப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டே கலந்திருப்பதை மருத்துவர்கள் பலகாலமாக எச்சரித்து வருகிறார்கள். முறையாகக் கற்ற சித்த, யூனானி மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் போவதென்றாலும் ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளின் சீட்டோடு போக வேண்டும் என்கிறோம்.

இனி நம் பிழை. 2022 ஏப்ரலில் ரமலான் பிறந்தது. அதற்கு முந்திய வாரம் அவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். “ஹஜ்ரத், மூணு மருந்து மாத்தியாச்சு, ஒண்ணும் கேக்கல. அல்லாஹ் எம்மேல கோவமா இருக்கானா?” என்று கேட்டார். நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அருகில் அமர்ந்து கேட்டிருக்க வேண்டும். மாறாக, ஸப்ரு செய்யுங்கள் என்றோம். மருந்தைக் கொடுப்பவன் மனிதன், ஷிஃபாவைக் கொடுப்பவன் இறைவன் என்றோம். இந்த ரமலானில் ஒரு நோன்பும் விடாமல் பிடித்து அழுது கேளுங்கள் என்றோம். ஒவ்வொரு சொல்லும் சரியான சொல்தான். ஆனால் கேட்டவரின் நிலையை விசாரியாமல் சொல்லப்பட்டது. அவரோ, மாத்திரையும் நோன்பும் ஒன்றாகப் போகாது, பலிக்காத மாத்திரையை எதற்கு உண்பது என்று நினைத்து முதல் நோன்பன்றே அனைத்தையும் நிறுத்திவிட்டார்.

நான்காம் நாள் இஃப்தாருக்குப் பின் வாந்தி, மயக்கம். இரத்த அழுத்தம் தாழ்ந்துவிட்டது. தராவீஹை விட்டு இளைஞர்கள் ஓடினார்கள். பனிமூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் போய்ச் சேரும்வரை அவர் தலை நம் மடியில் இருந்தது. அன்றிரவு பணியிலிருந்த இளம் மருத்துவர் விளக்கியதை இங்கே அப்படியே சொல்கிறோம், ஏனென்றால் இங்கிருப்போரில் ஸ்டீராய்டு உண்போர் வேறு சிலரும் உண்டு. சிறுநீரகத்தின் மேல் அமைந்த சிறு சுரப்பி நமக்கு அன்றாடம் வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து பல மாதம் மாத்திரையாகக் கொடுத்தால் அச்சுரப்பி வேலையை நிறுத்தி உறங்கிவிடுகிறது. சட்டென்று மாத்திரையை நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, உயிருக்கே ஆபத்து. மாத்திரை நோயைக் குணமாக்குகிறதோ இல்லையோ, அதை நிறுத்துவதற்கும் மருத்துவர் வேண்டும். சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். “நோன்பு பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் அந்தப் பெண் மருத்துவர். அவருக்குப் பதில் சொல்ல நம்மிடம் எதுவுமில்லை.

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை மதரஸாவில் முதல் ஆண்டுகளிலேயே ஓதியவர்கள் நாம். குணமாகக்கூடிய நோயென்றால் பிறகு களாச் செய்யலாம். நோன்பு பிடிக்க இயலும் நிலை திரும்ப வராது என்று தெரிந்தால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. நோன்பு தீங்கு செய்யும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் அந்தச் சொல்லை மார்க்கச் சட்டமே ஏற்கிறது. தொழுகையும் அவ்வாறே. நிற்க இயலாதவர் அமர்ந்து, அமர இயலாதவர் படுத்துத் தொழலாம் என்ற சட்டத்தை நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து நமக்கு அறிவித்தவர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள். அந்த நபித்தோழரே நீண்ட காலம் தீராத நோயோடு வாழ்ந்தவர் என்பதைப் பலர் அறியமாட்டீர்கள். இவ்வளவையும் அறிந்திருந்தும் அன்று நம் நாவில் வந்தது சலுகை அல்ல, கட்டளை. அவர் நம்மை மன்னித்துவிட்டார். நாம் அதை மறக்கவில்லை.

மருத்துவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது, இந்த மருந்தில் இந்த நோயாளி தோல்வியடைந்தார் என்ற பொருள்படவே எழுதும் வழக்கம் உண்டு என்று நம் ஜமாஅத்தில் மருந்தாளுநராக இருக்கும் ஒரு தம்பி சொன்னார். தேர்வெழுதியது மருந்து, தோற்றவர் என்று பெயர் வாங்குவது மனிதர்! நாம் பள்ளியில் செய்ததும் அதையேதான். அவர் ஈமானில் ஏதோ குறை என்பது போலல்லவா பேசினோம்? அய்யூப் (அலை) அவர்களின் நோய் அவர்களுடைய குற்றத்திற்குக் கூலியாக வந்ததென்று எந்த முஸ்லிமாவது சொல்வோமா? ஊர் ஒதுக்கிய நாட்களிலும் உடனிருந்து பணிவிடை செய்தவர் அவர்களின் துணைவியார் என்பதை ரமலான் பயான்களில் ஆண்டுதோறும் சொல்லிக் கண்ணீர் விடுகிறோம். அதே கதை நம் தெருவில் நடக்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்கிறோம்.

அந்த இரவுக்குப் பின் சேலத்தில் பத்து நாட்கள் இருந்துவிட்டு, மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த கடிதத்துடன் அவர் வேலூருக்குச் சென்றார். நாமும் உடன் சென்றோம். அங்கே நாம் கற்றது, மருந்து பலிக்கவில்லை என்றால் அடுத்த மருந்துக்குப் போகுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு என்பது.

முதலாவது, நோய் இன்னதென்று கணித்தது சரிதானா? தசை தளர்வதற்கு மயோசைட்டிஸ் மட்டும் காரணமன்று. பிறவியிலேயே மரபணுவில் அமைந்த குறையால் தசை சிறிது சிறிதாகச் சிதையும் மஸ்குலர் டிஸ்ட்ரோபி என்ற நோயும் இதே போலத் தோன்றும். அதன் சில வகைகளை மயோசைட்டிஸ் என்று தவறாகக் கருதி ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்துவிடுவது உலகெங்கும் நிகழ்கிறது. மருந்து பலிக்காது, பலிக்கவும் முடியாது, ஏனென்றால் அங்கே தணிக்க வேண்டிய அழற்சியே மூல காரணமன்று. எனவே தசையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள், இரத்தத்தில் எந்த எதிர்ப்புப் பொருள் இருக்கிறதென்று பார்த்தார்கள். இரண்டாவது, மருந்து சொன்னபடி உள்ளே போயிற்றா? இக்கேள்விக்கு நம் சகோதரரும் நாமும் தலை குனிந்தோம். மூன்றாவது, புதிய தளர்ச்சி நோயினாலா, மருந்தினாலா? நெடுநாள் ஸ்டீராய்டு தானே தசையைத் தளர்த்துமாம். நான்காவது, காசநோய் போன்ற தொற்று ஏதும் உள்ளே மறைந்திருக்கிறதா? எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் கூட்டுவதற்கு முன் காசநோயையும் மஞ்சட்காமாலைக் கிருமியையும் நம் நாட்டில் கட்டாயம் தேடுகிறார்கள்.

நம் சகோதரருக்கு இருந்தது மயோசைட்டிஸ்தான். ஆனால் தசை அணுக்கள் மடிந்து போகும் அரிய வகை. ஸ்டீராய்டுக்கு மட்டும் எளிதில் கட்டுப்படாதது. இரத்தத்தில் இருந்த குறிப்பிட்ட எதிர்ப்புப் பொருளைக் கொண்டு அதைக் கண்டார்கள். ஒன்றரை ஆண்டு அவர் தம்மையே நொந்துகொண்டதற்கு விடை ஒரு சோதனைத் தாளில் இருந்தது.

இத்தகையவருக்கு அடுத்த படியில் உள்ள மருந்துகள் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறோம். ஒன்று இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானோர் கொடையளித்த இரத்தத்தின் தெளிநீரிலிருந்து பிரித்தெடுப்பது. உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்பது இந்நோய்களுக்கு வழக்கமான அளவு. அறுபது கிலோ மனிதருக்கு ஒரு சுற்றுக்கு 120 கிராம்; ஐந்து கிராம் குப்பியென்றால் 24 குப்பிகள். விலை லட்சங்களில் போகும். மலையில் நாம் நடத்தும் இரத்ததான முகாம்களை இனி வேறு கண்ணோடு பார்க்கிறோம். மற்றொன்று ரிட்டுக்ஸிமாப். 1997இல் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. எதிர்ப்புப் பொருளை உற்பத்தி செய்யும் அணுக்களின் மூலத்தை அது அழிப்பதால் பின்னாளில் முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் பயன்படத் தொடங்கியது. நம் நாட்டிலேயே தயாராவதால் விலை முன்பைவிடக் குறைவு. நம் சகோதரருக்கு இதுவே தரப்பட்டது.

குணமாகிவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. பாதி மீண்டார். படியேற முடிகிறது, பிடித்துக்கொண்டு. தலைவாரிக்கொள்ள முடிகிறது. ஏணி ஏற முடியாது. இனி ஏறவும் போவதில்லை. மிளகுக் களத்தில் நாற்காலியில் அமர்ந்து மூட்டை எடை போட்டு எழுதுகிறார். சில மாதங்களுக்கொருமுறை மருந்தேற்றத்திற்கு வேலூர் போய்வருகிறார். இடையே ஒருமுறை நுரையீரலில் சளி கட்டி மருத்துவமனையில் இருந்தார். நோய் போகவில்லை, நோயோடு ஒரு வாழ்க்கை அமைந்திருக்கிறது.

முன்னேற்றம் நடக்கவில்லையா? நடக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத 15 பேருக்கு அவர்களுடைய சொந்த இரத்த அணுக்களையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்திய முடிவுகளை 2024இல் வெளியிட்டார்கள். எட்டுப் பேர் லூபஸ், மூவர் மயோசைட்டிஸ், நால்வர் தோல் இறுகும் நோய். அப்போதைக்கு அனைவரும் மற்ற மருந்துகளை நிறுத்த முடிந்திருந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பதினைந்து பேர் என்பதை மறவாதீர்கள். இந்தச் செய்தியின் நிழலில், ஸ்டெம் செல் ஊசியால் எல்லா நோயும் தீரும் என்று விளம்பரம் செய்து வீட்டை விற்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். நம் சகோதரரிடமும் ஒருவர் தொலைபேசியில் பேசினார். மருத்துவ ஆராய்ச்சிக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், சில இரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்டவை தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே செய்யலாம், காசுக்கு விற்கக்கூடாது என்கின்றன. ஆய்வில் சேர்ப்பவர் நோயாளியிடம் பணம் கேட்கமாட்டார் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

எந்த மருந்துமே இல்லாத நோயாளிகளும் உண்டு. முன்பு சொன்ன மஸ்குலர் டிஸ்ட்ரோபியின் பல வகைகள் அத்தகையவை. நம் மலையடிவாரத்துச் சேலத்திலேயே வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்ற சகோதரிகளைப் பற்றி உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். சிறு வயதிலேயே இருவரையும் அந்நோய் பற்றியது. நடை போயிற்று, சக்கர நாற்காலியே வாழ்க்கையாயிற்று. தங்களுக்கு மருந்து இல்லை என்று தெரிந்தபின் அவர்கள் தொடங்கியது ஆதவ் அறக்கட்டளை. தங்களைப் போலத் தசைச்சிதைவு நோயால் வாடுவோரைத் தேடிச் சென்று, உடற்பயிற்சிச் சிகிச்சையும் ஆதரவும் கிடைக்கச் செய்தார்கள். மாதேவி அம்மையார் மறைந்துவிட்டார். தம் கையைத் தாமே தூக்க முடியாத ஒரு பெண்மணி மற்றவர்களுக்காக இத்தனை செய்தபோது, இரண்டு கையும் இரண்டு காலும் உள்ள நாம் ஆரஞ்சுப் பழத்தோடு நின்றுவிட்டோமே என்ற வெட்கம் நமக்கு உண்டு.

இனி ஜமாஅத்தின் கணக்குக்கு வருவோம். நம் பைத்துல்மால் புத்தகத்தைப் பொருளாளரிடம் வாங்கிப் பார்த்தோம். அறுவை சிகிச்சை என்று ஒருவர் வந்தால் ஒரே வெள்ளிக்கிழமையில் துண்டு விரித்துப் பெருந்தொகை சேர்ந்திருக்கிறது. அல்லாஹ் உங்கள் கரங்களுக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் மாதாமாதம் மாத்திரை என்று எழுதப்பட்ட பக்கத்தில் மூன்றாம் மாதத்தோடு வரவு நின்றுவிட்டது. நமக்கு ஒருமுறை பெரிதாகக் கொடுக்கத் தெரிகிறது; சிறிதாக எப்போதும் கொடுக்கத் தெரியவில்லை. நெடுநாள் நோயாளிக்கு வேண்டியதோ இரண்டாவது வகை.

அரசு உதவி இருக்கிறதே என்பீர்கள். உண்டு, பயன்படுத்த வேண்டும். 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாத தகுதியுள்ள குடும்பம் நம் ஜமாஅத்தில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஆனால் அது பெரிதும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவுகிறது. வீட்டில் உண்ணும் மாத்திரைக்கும், சோதனைக்கும், காட்பாடி வரை ரயில் கட்டணத்திற்கும் அல்ல. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்கள் கொள்கையில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டென்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உண்மையே, ஆனால் அதன் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் பிறவியிலேயே வரும் மரபணு நோய்கள். அத்தகைய குழந்தை எவர் வீட்டிலாவது இருந்தால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்; நம் சகோதரருக்கு அது பொருந்தவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தசைச்சிதைவும், மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்ற நரம்பு நோயும் அவற்றில் உண்டு. உரிய சான்றிதழ் பெற மலையிலிருந்து ஆட்சியர் அலுவலகம் வரை அலைய ஆள் வேண்டும். சட்டம் இருக்கிறது, அலைய ஆளில்லை என்பதே பல வீடுகளின் நிலை.

ஆள் விஷயத்தில் நமக்கு முன்மாதிரி அண்டை மாநிலத்திலேயே இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் அவர்தம் நண்பர்களும் வலி தணிப்பு மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார்கள். தீராத நோயைத் தீர்ப்பதாகச் சொல்லவில்லை. வலியைக் குறைப்போம், வீட்டுக்கு வருவோம் என்றார்கள். அது மலப்புரம் மாவட்டத்தில் ஊர் ஊராகப் பரவியது. மருத்துவர் வாரத்தில் சில நாள் வருவார். மற்ற நாட்களில் பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தாரே போவார்கள். வாரத்திற்கு இரண்டு மணி நேரம் தர முடிந்தவரைத்தான் தொண்டராகச் சேர்த்தார்கள். பணமும் பெரிய செல்வர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. சாதாரண மக்களின் சிறு தொகைகளே அதை நடத்தின. 2008இல் கேரள அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. அங்குள்ள முஸ்லிம்கள் நம்மைவிடப் பணக்காரர்கள் என்று ஒரு சகோதரர் சொன்னார். இருக்கட்டும், வாரத்திற்கு இரண்டு மணி நேரம் நம்மிடமும் உண்டல்லவா?

நம் சகோதரரிடமே, உங்களுக்கு எது உதவியாக இருந்தது, எது துன்பமாக இருந்தது என்று கேட்டோம். அவர் தந்த விடைகள் நாம் எதிர்பார்த்தவை அல்ல. வெள்ளிதோறும் பெயர் சொல்லி துஆ கேட்பதை நிறுத்தச் சொன்னார். “துஆ வேணும் ஹஜ்ரத். ஆனா பேரைச் சொல்லாதீங்க. மகளுக்கு வரன் பாக்கிறோம். வந்தவங்க இது பரம்பரை வியாதியான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க” என்றார். அவருடைய நோய் தந்தையிடமிருந்து மகளுக்கு நேராக இறங்கி வரும் நோயன்று, தொற்றும் நோயுமன்று. சம்பந்தம் பேச வருவோர் நம்மிடம் கேட்டால் இதையே சொல்வோம். இன்னொன்று, ஒவ்வொரு முறையும் ‘இப்போது பரவாயில்லையா?’ என்று கேட்கிறார்கள். பரவாயில்லை என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். உதவியாக இருந்தது எது? ஒரு தம்பி அவருடைய மருத்துவத் தாள்களையெல்லாம் தேதி வாரியாக ஒரு கோப்பில் அடுக்கி, முதல் பக்கத்தில் இன்ன மருந்து, இன்ன தேதியில் தொடங்கியது, இன்ன காரணத்தால் நிறுத்தியது என்று எழுதிக் கொடுத்தார். வேலூரில் மருத்துவர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்தார். ஒன்றரை ஆண்டுத் துன்பம் ஒரு பக்கத்தில் விளங்கிற்று.

அதே தம்பிதான் இன்னொரு பிழையையும் தடுத்தார். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை முடக்குவாதத்திற்கும் இந்நோய்க்கும் பரவலாகத் தரப்படுவது. அது வாரத்தில் ஒரே ஒரு நாள் உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்டால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்டு உயிர் போகும். சீட்டைப் படிக்கத் தெரியாத முதியவர்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கிழமை என்பதைத் தமிழில் பெரிதாக எழுதி அட்டையின் மேல் ஒட்டிவையுங்கள். கருவுற்றிருக்கும், கருவுற எண்ணும் பெண்கள் அதை மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். சிசுவுக்கு அது தீங்கானது. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

நிர்வாகத்தார் இவ்வாண்டு எடுத்த முடிவுகளைச் செயலாளர் தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார், விரித்துரைக்க வேண்டியதில்லை. பள்ளியின் வாசற்படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டியாயிற்று. ஒளு செய்யுமிடத்தில் இரண்டு குழாய்களுக்கு எதிரே கைப்பிடியுடன் இருக்கை போட்டாயிற்று. கடைசி ஸஃப்பில் நாற்காலிகள் போட்டபோது, இது என்ன கல்யாண மண்டபமா என்று கேட்ட பெரியவர் இப்போது அவற்றில் ஒன்றில் அமர்ந்துதான் தொழுகிறார். அவர் மீது நமக்கு வருத்தமில்லை. நீண்ட நாள் நோயாளிகளுக்கென்று பைத்துல்மாலில் தனிப் பக்கம் திறந்திருக்கிறோம். அதற்கு ஒருமுறை ஆயிரம் ரூபாய் தருவதைவிட மாதம் ஐம்பது ரூபாய் தருவதாக எழுதிக்கொடுப்பவரையே விரும்புகிறோம். வறியவரின் மருந்துக்கு ஜகாத்தும் சேரும். அதில் ஐயமிருப்போர் நம்மிடம் தனியே கேட்கலாம்.

இறுதியாக ஒன்று. நம் சகோதரருக்கு அடுத்த மருந்தேற்றம் வரும் மாதம் இரண்டாம் வாரத்தில். அவர் துணைவியார் உடல்நலமின்றி இருப்பதால் இம்முறை உடன் செல்ல இயலாது. சேலம் சந்திப்பில் ரயிலேற்றி, காட்பாடியில் இறக்கி, இரண்டு இரவு உடன் தங்கித் திரும்ப அழைத்துவர இருவர் வேண்டும். ஒருவராக நாம் செல்கிறோம். மற்றொருவர் இன்றே மோதினாரிடம் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். பயணச்சீட்டு முன்பதிவு செய்ய வேண்டும்.